கௌபாய் பிறந்தது மிலானில்

1865 ஜூலை 21ஆம் தேதி மாலை, மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரச் சதுக்கத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் வைல்டு பில் ஹிக்காக். மற்றவர் டேவிஸ் டட். சீட்டாட்டக் கடனுக்கு ஈடாக ஹிக்காக்கின் பாக்கெட் கடிகாரத்தை டட் எடுத்து வைத்துக்கொண்டதில் மூண்ட தகராறு அது. இடையே சுமார் 75 கஜ தூரம். இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுட்டார்கள். டட்டின் குண்டு எங்கோ போனது. ஹிக்காக்கின் குண்டு டட்டின் மார்பைத் துளைத்தது.

கௌபாய் காமிக்ஸ் படிக்கும் எவருக்கும் இந்தக் காட்சி மனப்பாடம். ஆனால் நிஜமான மேற்கு அமெரிக்காவில் இப்படி நடுத்தெருவில் நேருக்கு நேர் நின்று சுட்டுக்கொண்ட சம்பவங்கள் மிக அரிது. அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில் 1881 அக்டோபர் 26 அன்று நடந்த ஓ.கே. கோரல் சண்டை உலகப் புகழ் பெற்றது. அதுவே சில அடி தூரத்தில், கிட்டத்தட்ட 30 விநாடிகளில், சுமார் 30 குண்டுகளோடு முடிந்துபோன கைகலப்புதான். செத்தவர்கள் மூவர். நகருக்குள் ஆயுதம் ஏந்தி வரக்கூடாது என்ற ஊர்ச்சட்டத்தை அமல்படுத்தப் போன இடத்தில் அது வெடித்தது. டாட்ஜ் சிட்டியிலும் இதே தடை இருந்தது. கௌபாய் கதைகளில் எல்லோர் இடுப்பிலும் தொங்கும் துப்பாக்கியை, நிஜ ஊர்கள் எல்லையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தன.

டெக்சாஸிலிருந்து கன்சாஸ் ரயில் நிலையங்களுக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்ற காலமும் குறுகியது. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு தொடங்கி, 1886-87 குளிர்காலத்தில் லட்சக்கணக்கான மாடுகள் பனியில் மடிந்ததோடு அது ஓய்ந்தது. சுமார் இருபது வருடம். 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி ஏற்கனவே திறந்த வெளிகளைத் துண்டு போட ஆரம்பித்திருந்தது. இத்தாலியக் காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லரின் கதைகள் 1948 முதல் இன்றுவரை வந்துகொண்டிருக்கின்றன. அதாவது, அந்த யுகம் நீடித்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேலான காலம் அதன் காகித வடிவம் நீடித்திருக்கிறது.

காகிதத்தில் கௌபாய் தோன்றியது அந்த யுகம் உயிரோடு இருக்கும்போதே. 1860 முதலே பத்து சென்ட் நாவல்கள் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தன. வில்லியம் கோடி என்ற ராணுவ வழிகாட்டியை 1869இல் நெட் பன்ட்லைன் ‘பஃபலோ பில்’ கதாநாயகனாக்கினார். பிறகு அதே கோடி, நிஜக் குதிரைகள், நிஜச் செவ்விந்தியர்களுடன் ஒரு மாபெரும் கண்காட்சியைக் கட்டி 1887இல் லண்டன், 1889இல் பாரிஸ், 1890இல் இத்தாலி என்று ஐரோப்பாவைச் சுற்றினார். ரோம் நகருக்கு வந்தபோது உள்ளூர் மாடு மேய்ப்பவர்களோடு குதிரை அடக்கும் போட்டிகூட நடந்தது. கௌபாய் என்பவன் ஐரோப்பியக் குழந்தைகளின் கற்பனையில் குடியேறியது அந்தக் கூடாரங்கள் வழியாகத்தான். அமெரிக்கச் சினிமா பிற்பாடு வந்தது.

காமிக்ஸின் கௌபாய் துப்பாக்கி வீரன் என்றதும் அமெரிக்கச் சரக்கு என்றே நினைக்கிறோம். நீடித்து நின்றவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் கதை வேறு. டெக்ஸ் இத்தாலியர். லக்கி லூக்கும் சிக் பில்லும் பெல்ஜியத்தில் பிறந்தவர்கள். தமிழில் கேப்டன் டைகர் என்று நாம் அறிந்த ப்ளூபெரி ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் பிறந்தவர். அமெரிக்காவின் சொந்தக் காமிக்ஸ் கௌபாய்கள் பெரும்பாலும் மங்கிப்போனார்கள். ஏன் இப்படி ஆனது என்பதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு: துப்பாக்கி வீரன் கதையின் உயிர், சட்டம் தவறும்போது மனிதன் என்ன செய்வான் என்ற கேள்வியில் இருக்கிறது. அமெரிக்கக் காமிக்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்கவே தடை போட்டுக்கொண்டது. ஐரோப்பியர்கள் அதைத் தங்கள் சொந்தக் காயங்களோடு சேர்த்துக் கேட்டார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் சூப்பர் ஹீரோக்களின் மவுசு குறைந்தது. அந்த இடத்துக்குக் குற்றக்கதை, காதல்கதையோடு கௌபாய் கதையும் போட்டியிட்டது. டூ-கன் கிட், கிட் கோல்ட் இருவரும் 1948இல் வந்தார்கள். ராஹைடு கிட் 1955இல் சேர்ந்தார். ராய் ராஜர்ஸ், ஜீன் ஆட்ரி போன்ற பாட்டுப்பாடும் சினிமா கௌபாய்களுக்கும் தனித்தனி இதழ்கள் இருந்தன. இடையில் 1954இல் காமிக்ஸ் கோட் வந்தது. குழந்தைகளைக் காமிக்ஸ் கெடுக்கிறது என்று கிளம்பிய பெரும் கூச்சலுக்குப் பயந்து பதிப்பாளர்கள் தாங்களே எழுதிக்கொண்ட தணிக்கை விதிகள் அவை. அவற்றில் ரத்தம், கொடூரம் பற்றிய தடைகளைத்தான் எல்லோரும் பேசுவார்கள். துப்பாக்கி வீரனைக் கொன்றது வேறொரு விதி: காவலர்கள், நீதிபதிகள், அரசு அதிகாரிகள், மதிப்புக்குரிய நிறுவனங்கள் ஆகியோர்மீது அவமதிப்பு உண்டாகும்படி ஒருபோதும் சித்திரிக்கக் கூடாது.

லஞ்சம் வாங்கும் ஷெரீப்பும், நிலத்தைச் சுருட்டும் நீதிபதியும், ரெட் இண்டியன்களின் ரேஷனைத் திருடும் அரசு ஏஜென்ட்டும் இல்லாத வெஸ்டர்ன் கதையை யோசித்துப் பாருங்கள். மிஞ்சுவது குதிரைச் சவாரிதான். கிட் கோல்ட் பெயரளவில் சட்டத்தால் தேடப்படுபவர். ஆனால் தந்தையைக் கொன்றவனை நியாயமான சண்டையில் வீழ்த்தியவர் என்று முதலிலேயே அவருக்கு நற்சான்று கொடுத்துவிட்டார்கள். எதிரியின் கையிலிருக்கும் துப்பாக்கியைச் சுட்டுத் தட்டிவிடும் வித்தை மறுபடி மறுபடி வந்தது. அந்த இதழ் 1979 வரை தாக்குப்பிடித்தது உண்மை. கடைசி ஆண்டுகளில் பெரும்பாலும் பழைய கதைகளின் மறுபதிப்புதான்.

இனி இத்தாலியின் மிலான் நகருக்குப் போவோம். முசோலினி ஆட்சி 1938இல் அமெரிக்கக் காமிக்ஸுகளை இத்தாலியிலிருந்து விரட்டியது. டிஸ்னிக்கு மட்டும் சில காலம் விலக்கு. போர் முடிந்து 1945இல் அமெரிக்கப் படைகளோடு ஹாலிவுட் படங்களும் வந்திறங்கியபோது, ஏழு வருடப் பசியோடு ஒரு தலைமுறை காத்திருந்தது. ஜியான் லூயிஜி பொனெல்லி என்ற எழுத்தாளரும் கலெப் என்று கையெழுத்திடும் ஔரேலியோ கலெப்பினி என்ற ஓவியரும் 1948 செப்டம்பர் 30 அன்று டெக்ஸை வெளியிட்டார்கள். பதிப்பகத்தை நடத்தியவர் பொனெல்லியிடமிருந்து பிரிந்து வாழ்ந்த அவருடைய மனைவி டியா. நாயகனுக்குப் பொனெல்லி முதலில் வைத்த பெயர் டெக்ஸ் கில்லர். தணிக்கைப் பிரச்சினை வரும் என்று அதை வில்லர் ஆக்கியவர் டியாதான்.

அந்த நேரத்தில் பதிப்பகத்தின் நம்பிக்கை டெக்ஸின்மீது இல்லை. அதே சமயம் வெளியான ‘ஒக்கியோ கூப்போ’ என்ற முகமூடி வீரன் தொடர்தான் பெரிதாக ஓடும் என்று நினைத்தார்கள். கலெப் பகலில் அதை வரைந்துவிட்டு இரவில் டெக்ஸை வரைந்தார். முகமூடி வீரன் சீக்கிரமே காணாமல் போனார். காகிதத் தட்டுப்பாட்டில் பிறந்த டெக்ஸ், ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு வரிசைக் கட்டங்கள் கொண்ட நீளவாக்குக் குட்டிப் புத்தகமாக வந்து பிழைத்துக்கொண்டார். பிற்பாடு மூன்று வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பக்கமாக்கினார்கள். இன்று நாம் படிக்கும் டெக்ஸ் பக்கமும் அதே மூன்று மாடிதான்.

டெக்ஸ் சட்டத்தால் தேடப்படுபவராகத்தான் கதைக்குள் நுழைகிறார். பிறகு ரேஞ்சர் ஆகிறார். நவஹோ என்ற செவ்விந்திய இனத்தாரிடம் சிக்கிச் சித்திரவதைக் கம்பத்தில் கட்டப்பட்டு நிற்கும்போது, தலைவர் சிவப்பு அம்பின் மகள் லிலித் அவரை மணக்க முன்வந்து காப்பாற்றுகிறார். மாமனாருக்குப் பின் டெக்ஸ் நவஹோக்களின் தலைவராகிறார். அவர்களிடையே அவர் பெயர் இரவுக் கழுகு. கூடவே நவஹோக்களுக்கு அரசு ஒதுக்கிய நிலமான ரிசர்வேஷனுக்கு அரசு ஏஜென்ட்டாகவும் இருக்கிறார். இந்த மூன்று பதவிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் டெக்ஸ் எவ்வளவு விசித்திரமான படைப்பு என்பது புரியும். ஒடுக்கப்படுபவர்களின் தலைவரும் அவரே. அவர்களை நிர்வகிக்கும் அரசின் பிரதிநிதியும் அவரே. குற்றவாளிகளைப் பிடிக்கும் போலீஸும் அவரே. எல்லாப் பக்கத்திலும் அவரே நிற்பதால், அநீதி நடக்கும்போது அவர் யாருடைய அனுமதிக்கும் காத்திருப்பதில்லை. ஊழல் பிடித்த அதிகாரியின் மூக்கில் குத்திவிட்டுத்தான் விசாரணையே தொடங்குவார்.

இத்தாலியின் புதிய அரசியல் சாசனம் 1948 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 1922 முதல் இருபதாண்டுகளுக்கும் மேலாகச் சீருடையும் முத்திரையும் சட்டப்புத்தகமும் ஒரு சர்வாதிகாரியின் கையில் இருந்தன. சட்டம் என்றாலே நியாயம் என்று அந்த நாட்டு வாசகர் எப்படி நம்புவார்? அந்த நம்பிக்கையின்மைக்கு நடுவே, சட்டத்தைத் தன் மனசாட்சியில் சுமக்கும் ஒருவரைப் பொனெல்லி நிறுத்தினார். டெக்ஸின் எழுபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிய ஆயுளுக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டுக் காட்சிகளையும் நான் இந்தப் பின்னணியில்தான் படிக்கிறேன். டெக்ஸும் அவருடைய தோழர் கார்சனும் ஊருக்குள் நுழைந்ததும் கேட்பது மூன்று விரல் தடிமனில் ஒரு கறித்துண்டும் மலைபோல் உருளைக்கிழங்கு வறுவலும். போர்க்காலப் பஞ்சத்தில் வாடிய தேசம் தன் நாயகனுக்குக் கொடுத்த விருந்து அது.

கார்சனைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். நரைத்த தலையும் ஆட்டுத்தாடியுமாய், எப்போதும் முணுமுணுத்துக்கொண்டு, உயிரைக் கொடுக்கத் தயாராய்க் கூடவே வரும் கிட் கார்சனை நேசிக்காத டெக்ஸ் வாசகர் கிடையாது. நானும் அவர்களில் ஒருவன். அந்தப் பெயரில் நிஜமாக ஒருவர் இருந்தார்: 1809இல் பிறந்து 1868இல் இறந்த எல்லைப்புற வழிகாட்டி, ராணுவ அதிகாரி. நவஹோக்களின் வரலாற்றில் அவர் பெயர் வேறு விதமாகப் பதிந்திருக்கிறது. 1863-64இல் அவர் தலைமையில் போன படை நவஹோக்களின் சோள வயல்களை எரித்தது, ஆடுகளைக் கொன்றது. ஷெய் பள்ளத்தாக்கில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பீச் மரங்கள் அந்தப் போரில் வெட்டிச் சாய்க்கப்பட்டன. பட்டினியால் சரணடைந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் நடத்தியே போஸ்கே ரெடோண்டோ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வழியிலும் முகாமிலும் ஏராளமானோர் மாண்டார்கள். நெடுநடை என்று நவஹோக்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அவர்களால் மண்ணுக்குத் திரும்ப முடிந்தது.

அந்த நவஹோக்களின் தலைவருக்கு உயிர்த்தோழனாக அதே பெயரை வைத்தது எப்படி? பொனெல்லி திட்டமிட்டு வரலாற்றைத் திரித்தார் என்று நான் நினைக்கவில்லை. ரீனோ அல்பெர்த்தரெல்லி என்ற இத்தாலிய ஓவியர் 1937லேயே கிட் கார்சனை வயதான வீரராக்கி ஒரு தொடர் வரைந்திருந்தார். பொனெல்லிக்கு அந்தப் பெயர் கிடைத்தது இத்தாலியக் காமிக்ஸ் வழியாகத்தான். வரலாற்று நூல் வழியாக அல்ல. ஆனாலும் படிக்கும் நமக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். காமிக்ஸ் கார்சனை நேசிப்பதற்கு அது தடையில்லை. நிஜக் கார்சன் செய்ததை மறப்பதற்குக் காமிக்ஸ் சாக்காகிவிடக் கூடாது.

இதே தொடர், வேறோர் இடத்தில் வரலாற்றின் மிக மோசமான பக்கத்தை நேராகத் தொடுகிறது. லிலித்தின் மரணத்தை 1969இல் வந்த ஒரு கதை விவரிக்கிறது. பெரியம்மை நோயாளிகள் போர்த்திய கம்பளிகளை வியாபாரிகள் நவஹோக்களிடம் விற்கிறார்கள். அந்தத் தொற்றில் லிலித் இறந்துபோகிறார். இது கற்பனைக்காகப் புனைந்த கொடுமை மட்டுமில்லை. 1763இல் பிரிட்டிஷாரின் பிட் கோட்டையில் பேச்சுவார்த்தைக்கு வந்த டெலவேர் இனத்தாருக்குப் பெரியம்மை மருத்துவமனைக் கம்பளிகளைக் கொடுத்தது ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. பையன்கள் படிக்கும் சாகசத் தொடரில், நாயகனின் மனைவியை அந்தக் கம்பளியால் சாகவைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

பெல்ஜியத்தின் மோரிஸ், டெக்ஸுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே, 1946 டிசம்பரில் லக்கி லூக்கை வரைந்துவிட்டார். சில வருடங்கள் அமெரிக்காவில் வாழ்ந்து அந்த நிலத்தை நேரில் பார்த்தவர். அங்கேதான் எழுத்தாளர் கோசினியைச் சந்தித்தார். 1955 முதல் 1977இல் இறக்கும்வரை கோசினி எழுதிய கதைகள் இன்றும் ஈடு இணையற்றவை. நிஜ டால்டன் கும்பல் 1892 அக்டோபர் 5 அன்று கன்சாஸின் காஃபிவில் ஊரில் ஒரே நேரத்தில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடிக்கப் போய், ஐவரில் நால்வரை ஊர்மக்களின் குண்டுகளுக்குப் பலிகொடுத்தது. மோரிஸ் தன் ஆரம்பக் கதையொன்றில் நிஜ டால்டன்களை முடித்துவிட்டு, பிறகு வருந்தி, அவர்களின் ஒன்றுவிட்ட சகோதரர்களைக் கொண்டுவந்தார். உயர வரிசையில் நிற்கும் அந்த நால்வர்தான் நம்மைச் சிரிக்கவைப்பவர்கள். சிறுவர் வெளியீடுகளுக்கான 1949ஆம் வருடப் பிரெஞ்சுச் சட்டம் எவ்வளவு கெடுபிடியானது என்பதற்கு ஓர் உதாரணம்: குழந்தைப் பருவ பில்லி தி கிட், ஃபீடிங் பாட்டிலுக்குப் பதிலாகத் துப்பாக்கியைச் சப்பும் படத்தை நீக்கச் சொன்னார்கள். லூக்கின் உதட்டிலிருந்த சிகரெட் 1983இல் புல்லாக மாறியது. அதற்காக உலகச் சுகாதார நிறுவனம் 1988இல் மோரிஸைக் கௌரவித்தது.

ப்ளூபெரி பிறந்தது 1963 அக்டோபர் 31 அன்று, பிலோட் பத்திரிகையில். கதை ஜான் மிஷெல் ஷார்லியே, சித்திரம் ஜான் ஜிரோ. அல்ஜீரியப் போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஜிரோவே அல்ஜீரியாவில் ராணுவச் சேவை செய்துவிட்டு வந்தவர். காலனி நாட்டில் தன் ராணுவம் செய்ததைப் பார்த்த தலைமுறையின் கையிலிருந்து வந்த அமெரிக்கக் குதிரைப்படை லெப்டினன்ட் எப்படி இருப்பார்? குடிப்பார், சீட்டில் ஏமாற்றுவார், மேலதிகாரியின் உத்தரவை மதிக்க மாட்டார். நியாயம் அப்பாச்சி செவ்விந்தியர்கள் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் பக்கம் போய் நிற்பார்.

முதல் கதைவரிசையை ஷார்லியே ஒரு நிஜ சம்பவத்தின்மேல் கட்டினார். 1861 பிப்ரவரியில் அரிசோனாவின் அப்பாச்சி கணவாயில், ஒரு பையனைக் கடத்தியதாகச் சந்தேகப்பட்டு, பேச்சுவார்த்தைக்கு வந்த அப்பாச்சித் தலைவர் கோச்சைஸை லெப்டினன்ட் பாஸ்கம் பிடித்து வைக்கப் பார்த்தார். கோச்சைஸ் கூடாரத்தைக் கத்தியால் கிழித்துத் தப்பினார். இரு பக்கமும் பிணைக்கைதிகள் கொல்லப்பட்டார்கள். அங்கே மூண்ட பகை, அப்பாச்சி வீரர் ஜெரோனிமோ 1886இல் சரணடையும்வரை அணையவில்லை. தமிழில் ‘இரத்தக் கோட்டை’ என்று வந்த கதை இதுதான். அதில் வரும் பாஸ்கம் என்ற அதிகாரியின் பெயரைக் கற்பனை என்று நினைத்துக் கடந்திருப்போம்.

அடுத்தடுத்த வருடங்களில் ஷார்லியே தன் நாயகனிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறித்தார். உள்நாட்டுப் போரில் தோற்ற தென்னகப் படையின் காணாமல்போன தங்கத்தைத் தேடப் போய்த் திருடன் என்ற பட்டம், சிறை, ஜனாதிபதி கிராண்டைக் கொல்லச் சதி செய்ததாகப் பழி, தலைக்கு விலை, கடைசியில் அப்பாச்சிகளோடு தலைமறைவு வாழ்க்கை. ‘மின்னும் மரணம்’ என்ற பெயரில் தமிழில் நாம் படித்த நெடுங்கதை அது. அரசு தனக்கே உண்மையாக உழைத்த ஒருவரை எப்படி நசுக்கும் என்பதை இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு பக்கங்களில் சொன்ன வேறொரு வெஸ்டர்ன் காமிக்ஸை நான் படித்ததில்லை.

அர்ஜென்டினாவிலும் ஒருவர் இதே பாதையில் நடந்தார். ஹெக்டர் ஹெர்மன் ஓஸ்தர்ஹெல்டு எழுதி, அப்போது அங்கே வாழ்ந்த இத்தாலியர் ஹூகோ பிராட் வரைந்த சார்ஜென்ட் கிர்க், 1953இல் வெளிவந்தார். செவ்விந்தியர் படுகொலையில் பங்கேற்ற பின் மனம் பொறுக்காமல் ராணுவத்தைவிட்டு ஓடிவரும் வீரர் அவர். எழுதியவரின் முடிவு கதையைவிடக் கொடியது. ராணுவ ஆட்சியை எதிர்த்த ஓஸ்தர்ஹெல்டு 1977இல் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்டார். அவருடைய நான்கு மகள்களுக்கும் அதே கதி. அதே 1977இல் இத்தாலியில் பெரார்டியும் மிலாட்சோவும் படைத்த கென் பார்க்கர், வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளி ஒருவரைக் காப்பாற்றப் போலீஸ்காரரைச் சுடும் அளவுக்குப் போனார்.

அமெரிக்காவும் கடைசியில் விழித்தது. காமிக்ஸ் கோட் விதிகள் 1971இல் தளர்ந்தன. அடுத்த வருடமே ஜோனா ஹெக்ஸ் வந்தார். எழுத்து ஜான் அல்பானோ, சித்திரம் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த டோனி டிசுனிகா. பாதி முகம் வெந்து சிதைந்த, தோற்றுப்போன தென்னகப் படையின் சாம்பல் சீருடையைக் கழற்றாத, பணத்துக்காகத் தலைகளை வேட்டையாடும் ஒருவர். இத்தாலிய வெஸ்டர்ன் படங்களின் சாயல் அவர்மீது அப்பட்டமாகத் தெரியும். தன் சொந்தக் கௌபாயை மீட்டெடுக்க அமெரிக்கக் காமிக்ஸுக்கு இத்தாலியப் பாணியும் பிலிப்பைன்ஸ் ஓவியரும் தேவைப்பட்டார்கள். 1978இல் வந்த ஒரு சிறப்பிதழில் ஹெக்ஸின் சாவையும் சொல்லிவிட்டார்கள். 1904இல் சுட்டுக் கொல்லப்பட்டு, உடல் பஞ்சடைத்துப் பதப்படுத்தப்பட்டு, காட்சிப்பொருளாக்கப்படுகிறது. பஃபலோ பில்லின் கண்காட்சிக்குக் காமிக்ஸ் சொன்ன மிகக் கடுமையான பதில் அது என்பேன்.

துப்பாக்கிச் சண்டையைச் சித்திரத்தில் சொல்வது சாதாரண வேலையில்லை. சினிமாவுக்கு இசை உண்டு, ஓடும் நொடி உண்டு. காமிக்ஸ் கட்டமோ அசையாது. டெக்ஸ் ஓவியர்கள் இதை வெட்டித் தீர்த்தார்கள்: ஒரு கட்டத்தில் எதிரியின் கை இடுப்புக்குப் போகும், அடுத்த கட்டத்தில் டுமீல், அதற்கடுத்ததில் எதிரி சரிகிறான். டெக்ஸ் துப்பாக்கியை உருவும் அந்தக் கணம் பெரும்பாலும் வரையப்படுவதே இல்லை. இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியில் அது நடந்து முடிந்துவிடுகிறது. வேகத்தை வாசகரே தன் மனதில் உண்டாக்கிக்கொள்கிறார். மோரிஸ் இதையே ஒற்றைப் படத்தில் அடக்கினார். லூக் சுட்டு முடித்துவிட்டார், சுவரிலிருக்கும் நிழலோ இப்போதுதான் துப்பாக்கியை எடுக்கிறது. ஜிரோ நேர் எதிர்: சண்டைக்கு முன்னால் பாறை, தூசி, வெயில் என்று பெரிய கட்டங்களாக விரித்து நம்மைக் காக்கவைப்பார். அந்தக் காத்திருப்புதான் பயம்.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு கிளம்பியது. 1984 ஜூலையில் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அடுத்த வருடமே ‘தலை வாங்கிக் குரங்கு’ கதையோடு டெக்ஸ் தமிழுக்கு வந்தார். அன்றைய நியூஸ்பிரிண்ட் அச்சுக்கு டெக்ஸ் இயல்பாகவே பொருந்தினார். அவர் பிறந்ததே கறுப்பு வெள்ளையில். வண்ணத்துக்காக வரையப்பட்ட டைகர் கதைகளும் அப்போது கறுப்பு வெள்ளையில்தான் வந்தன. ஜிரோவின் அரிசோனா என்ன நிறம் என்பது, 2012க்குப் பிறகு ஆர்ட் பேப்பரில் வண்ண இதழ்கள் வரத் தொடங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. இரவுக் கழுகார் என்றும், கார்சனை வெள்ளிமுடியார் என்றும் மரியாதை விகுதி சேர்த்து அழைப்பது நம் வாசகர்களின் அன்பு. டெக்ஸ் ‘தல’, டைகர் ‘தளபதி’ என்று கட்சி கட்டிச் சண்டை போடுவதும் அதே அன்பின் இன்னொரு முகம்.

இந்தக் கதைகள் இங்கே ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் குதிரையும் தொப்பியும் மட்டும் என்று நான் நம்பவில்லை. பழங்குடிகளுக்கு வரவேண்டிய மாட்டிறைச்சியையும் மாவையும் வழியிலேயே விற்றுத் தின்னும் ஏஜென்ட்டை டெக்ஸ் சட்டையைப் பிடித்து உலுக்கும்போது, ரேஷன் அரிசி லாரி ஏறிப் போவதைப் பார்த்த ஊர்க்காரருக்கு விளக்கவுரை தேவைப்படாது. சட்டம் தவறும் இடத்தைப் பற்றிய கதை என்பதால்தான் மிலானிலிருந்து சிவகாசிக்கு அது வழி தெரிந்து வந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். லிலித் போன்ற ஒரு பெண் கதையில் வாழ்ந்த காலத்தைவிட நினைவாக இருந்த காலமே அதிகம். டைகர் தொடரின் சிஹுவாஹுவா பேர்ல் போலத் தனக்கென்று கணக்கும் திட்டமும் உள்ள பெண்கள் அபூர்வம். நவஹோவும் அப்பாச்சியும் பெரும்பாலும் வெள்ளை நாயகனின் வாய் வழியாகவே நியாயம் கேட்கிறார்கள். டெக்ஸ் தொடரின் நவஹோ வீரர் டைகர் ஜாக் எத்தனையோ தடவை டெக்ஸின் உயிரைக் காத்திருக்கிறார், ஆனால் கதையை முன்னின்று நடத்தும் வாய்ப்பு அவருக்கு எப்போதாவதுதான் கிடைக்கிறது. கறுப்பினக் கௌபாய்கள் நிஜ மேற்கில் ஏராளமாக இருந்தும் காமிக்ஸில் அவர்களைக் காண்பதரிது. அடிமையாகப் பிறந்து, 1875 முதல் முப்பதாண்டுகளுக்கும் மேல் கூட்டாட்சி அரசின் துணை மார்ஷலாக இருந்த பாஸ் ரீவ்ஸ், 2020இல் வந்த லக்கி லூக் ஆல்பத்தில்தான் அந்தத் தொடரில் இடம் பிடித்தார். பருத்தித் தோட்டங்களின் பின்னணியில் நடக்கும் அந்த ஆல்பம், எழுபது வருடத்துக்கும் மேலான பாக்கியை அடைக்கும் முயற்சி.

புதிதாக நுழைபவர்கள் எங்கே தொடங்குவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். டெக்ஸுக்கு என் பரிந்துரை ‘கார்சனின் கடந்த காலம்’. மௌரோ பொசெல்லி 1994இல் எழுதிய கதை. மொன்டானா தங்கச் சுரங்க ஊர் ஒன்றில் அப்பாவிகள் என்று தங்களை அழைத்துக்கொண்ட கொள்ளைக் கும்பல் அதில் வருகிறது. நிஜத்திலும் மொன்டானாவின் பேனாக்கில் அந்தப் பெயரில் ஒரு கும்பல் இருந்ததாகச் சொல்லி, அதன் தலைவர் என்று குற்றம்சாட்டி, ஊர் ஷெரீப் ஹென்றி பிளம்மரையே 1864 ஜனவரி 10 அன்று தூக்கிலிட்டார்கள். டைகருக்கு ‘தங்கக் கல்லறை’. அரிசோனாவின் சூப்பர்ஸ்டிஷன் மலைகளில் ஒரு ஜெர்மானியர் கண்டெடுத்துத் தொலைத்ததாகச் சொல்லப்படும் தங்கச் சுரங்கத்தின் நிஜ ஐதீகத்தை ஷார்லியே அதில் எடுத்தாண்டிருக்கிறார். முடிந்தால் வண்ணப் பதிப்பைத் தேடிப் பிடியுங்கள். அந்த மலைப் பக்கங்களில் வசனத்தை முதலில் படிக்காமல், படங்களை மட்டும் ஒரு தரம் பார்த்துவிட்டுப் பிறகு படிக்கத் தொடங்குங்கள்.